பழைய மரம், புதிய தோல்

கொல்கத்தாவில் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்கு அருகே வடக்கு நோக்கிப் பிரியும் தெருவுக்கு, பெயர்ப் பலகைகளில் ரவீந்திர சரணி என்று பெயர். ஊர்வாயில் அது இன்னும் சித்பூர் ரோடுதான். நகரம் என்று ஒன்று உருவாகும் முன்பே காளிகாட்டுக்கு யாத்ரீகர்கள் நடந்து போன பாதை இது என்பார்கள். மேலே போகப் போக நாகோதா மசூதி, அத்தர் கடைகள், தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ மாளிகை, ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள், களிமண்ணில் துர்க்கையை வனையும் குமார்துலி என்று தெரு தன் முகத்தை மாற்றிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் மட்டும் அது வாத்தியத் தெரு. கண்ணாடிக்குப் பின்னால் கிதார்களும் வயலின்களும் தொங்குகின்றன. ஒரு கடையில் யாரோ ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்தி ஒரே சுரத்தை விடாமல் பிடித்துச் சோதிக்கிறார்கள். அடுத்த கடையில் சுத்தியால் மரக்கட்டையைத் தட்டும் சத்தம். மூட்டை சுமப்பவர்கள் வழி கேட்டுப் போடும் கூச்சலில் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. இந்தச் சந்தடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது எப்படி என்று புதிதாக வருபவருக்கு வியப்பாக இருக்கும். சேர்க்கிறார்கள்.

முன்பக்கம் விற்பது கிதாரும் மின்சாரத் தம்புராவும்தான். தபேலா செய்யும் ஆட்களைத் தேடினால் கடையின் பின்னால் போக வேண்டும். அல்லது செங்குத்தான மரப்படிகளில் ஏறி மாடிக்குப் போக வேண்டும். பத்தடிக்குப் பத்தடி இருக்கும் அறை. தரையில் கோணி. சுவரில் அப்பளம் போலக் காய்ந்து தொங்கும் ஆட்டுத்தோல் வட்டங்கள். மூலையில் தோல் இல்லாத மரக்கட்டைகள் கிண்ணம் கிண்ணமாய் வாய் பிளந்து கிடக்கின்றன. இங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மிஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். கார் மெக்கானிக்குக்கும் கொத்தனாருக்கும் உள்ள அதே பட்டம்.

தபேலா வங்காளத்து வாத்தியம் அல்ல. 18-ம் நூற்றாண்டில் தில்லி வட்டாரத்தில் உருப்பெற்று லக்னோ, ஃபரூக்காபாத், காசி என்று பரவியது. 1856-ல் அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தைக் கும்பெனி பிடுங்கிக்கொண்டபோது, அவர் கல்கத்தாவுக்கு வந்து ஹூக்ளிக் கரையில் மட்டியாபுருஜில் குடியேறினார். 1887-ல் இறக்கும் வரை தன் லக்னோவை அங்கேயே நடத்திப் பார்த்தார். அவரோடு பாடகர்களும் நாட்டியக்காரர்களும் தபேலாக்காரர்களும் வந்தார்கள். ஜமீன்தார் வீடுகளின் கூடங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. பின்னால் ஃபரூக்காபாத் வழியில் வந்த மசீத் கானும் அவர் மகன் கராமத்துல்லா கானும் இந்த ஊரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மசீத் கானிடம் கற்றவர்களில் ஒருவர் ஞான் பிரகாஷ் கோஷ். கையால் துருத்தி போடும் ஆர்மோனியத்தைப் பரப்பிய துவார்கின் கம்பெனியை நிறுவிய துவாரகாநாத் கோஷின் பேரன் அவர். வாத்தியம் செய்து விற்ற வீட்டிலிருந்து வாசிக்கிற ஒருவர் வந்தார் என்பது விதிவிலக்கு. அவர்கள் கடை முதலாளிகள், மாடியில் உட்கார்ந்திருந்த மிஸ்திரிகள் அல்ல.

இந்த மாடிக்கு ஒரு நாள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய இரண்டு மூட்டைகளோடு ஏறி வந்தவர் தமிழர். கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். லேக் மார்க்கெட் பக்கத்தில், பூக்காரர்களும் ஃபில்டர் காபித் தூளும் இருக்கிற தெருவில் வசிப்பவர். 1980-களின் தொடக்கத்தில் கல்யாணமாகாமல் மெஸ்ஸில் தங்கியிருந்தபோது, ஷியாம்பஜாரில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் மாலை நேரங்களில் தபேலா கற்றார். நாலு வருஷம். பிறகு கல்யாணம், குழந்தைகள், இரவு வேலை என்று விட்டுப்போயிற்று. ஆசிரியருக்கு வருஷம் தவறாமல் விஜயதசமி வணக்கம் சொல்லப் போவது மட்டும் நிற்கவில்லை. ஆசிரியர் இறந்தார். பிள்ளைகள் வெளியூரில். வீடு, அந்தப் பக்கத்தில் பல வீடுகளைப் போலவே, அடுக்குமாடி கட்டும் ‘புரமோட்டர்’ கைக்குப் போயிற்று. வீட்டைக் காலி செய்யும் நாளில் ரயில்வேக்காரர் போய் நின்றபோது, முற்றத்தில் பழைய சாமான் வாங்குகிற பிக்ரிவாலா தராசை நிறுத்தியிருந்தார்.

தராசில் இருந்தது தபேலா ஜோடியின் இடது பாதி. பாயா என்கிற அந்தக் கிண்ணம் செம்பு. செம்புக்குக் கிலோ விலை உண்டு. வலது கைக்கான மரக்கட்டைக்கு விலையே இல்லை. அடுப்புக்கு ஆகும் என்று கொசுறாகப் போகவிருந்தது. ரயில்வேக்காரர் செம்பின் எடைக்கான காசைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு இரண்டையும் வாங்கினார். பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை மரத்தை மட்டும் சும்மாவே கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளின் மேல் குற்றம் சொல்ல முடியாது. தோல் கிழிந்து, வார் அறுந்து, கரப்பான் கூடு கட்டியிருந்த ஒரு பொருளைப் பார்த்து அது என்னவென்று சொல்ல வாசிக்கிற கை வேண்டும்.

இப்படி எத்தனை செம்புக் கிண்ணங்கள் உருகிப் போயிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. தபேலாவில் எது பழையதாக ஆக ஆக மதிப்புக் கூடுமோ அது மரம். எது கெட்டுப்போயே தீருமோ அது தோல். சந்தை இரண்டையும் விட்டுவிட்டு உலோகத்தை எடை போடுகிறது.

பழைய ஜோடி வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது என்ன? சித்பூர்க்காரர்கள் இதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். முதலில் தூக்கிப் பார்க்கிறார்கள். வலது கட்டை அதன் உருவத்துக்குப் பொருந்தாத கனத்தோடு இருக்க வேண்டும். ஷீஷம் என்கிற மரம் விசேஷம். நம் ஊர் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு அது. வேம்பு, வேங்கை, பலா, மா என்று பிறவும் உண்டு. மாமரக் கட்டை லேசு, மலிவு, பயில்பவர்களுக்குப் போதும். கட்டையின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டுகிறார்கள். வெடிப்பு இருந்தால் சத்தம் ஓட்டைப் பானை போல அடைத்து வரும். அடியில் இருக்கிற வெடிப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வாய் விளிம்பில் இருந்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள். விளிம்புதான் தோலைத் தாங்குவது. அதில் ஒரு மயிரிழை ஏற்றத்தாழ்வு இருந்தாலும் எட்டுத் திசையிலும் ஒரே சுருதி நிற்காது. அப்புறம் பூச்சி. பொடிப்பொடியாய் ஓட்டைகள் தெரிந்து, தட்டினால் மாவு உதிர்ந்தால் அந்தக் கட்டை பூச்செடி வைக்கத்தான் லாயக்கு. புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளக்கிற ‘பழைய’ கட்டையை யாராவது நீட்டினால் அந்த வார்னிஷுக்குக் கீழே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்பது நல்லது. தோல் எவ்வளவு கந்தலாக இருந்தாலும் பரவாயில்லை. கந்தலாக இருந்தால் விலை குறையும், அவ்வளவுதான்.

மிஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டையைப் பிரித்ததும் அவர் கண் செம்பின் மேல் போகவில்லை. மரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கைவிரலால் வாயின் அகலத்தை அளந்தார். ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழ்க் கணக்கில் ஒன்றரைக் கட்டை, இங்கத்திய கணக்கில் சி ஷார்ப். பிறகு கத்தியை எடுத்து வாரை அறுத்தார். பதினாறு கண்களின் வழியே மேலும் கீழும் ஓடிக் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்த எருமைத்தோல் வார், காய்ந்து சுள்ளி போலாகியிருந்தது. இடையில் செருகியிருந்த எட்டு மர உருளைகள் ஒவ்வொன்றாகக் கோணியில் விழுந்தன. தோல் மூடி கழன்றது. உள்ளே இருட்டு, பழைய மரத்தின் வாசனை, உளி வழித்த கோடுகள். கடைந்தவனின் கையெழுத்தோ வருஷமோ இருக்கும் என்று எதிர்பார்த்த ரயில்வேக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கட்டையின் வெளியே, கடையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று ஒரு காலத்தில் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

வாயில் வெடிப்பு இல்லை. ஒரு சிறிய சாய்வு இருந்தது. மிஸ்திரி ஒரு சலவைக்கல் பலகையில் விளக்குக் கரியைப் பூசி, கட்டையைக் கவிழ்த்து ஒரு சுற்று சுற்றினார். மரம் எங்கெல்லாம் கறுத்ததோ அது மேடு, கறுக்காத இடம் பள்ளம். உப்புத்தாளை விரித்துத் தேய்த்து மறுபடி கரியில் சுற்றினார். விளிம்பு முழுவதும் ஒரே கறுப்பாகும் வரை இது நடந்தது. அரை நாள் வேலை. பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சலிப்பாக இருக்கும். இதைச் செய்யாமல் மேலே என்ன தோல் போட்டாலும் வீண்.

சிக்கல் வந்தது தோலில். கழற்றிய மூடியை மிஸ்திரி மூலையில் எறிந்ததும் ரயில்வேக்காரர் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டார். அதில் ஆசிரியரின் ஆள்காட்டி விரல் பட்டுப் பட்டு விளிம்புத் தோலில் ஓரிடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இதையே ஒட்டுப் போட்டு மறுபடி இறுக்க முடியாதா என்று கேட்டார். அவருக்கு வேண்டியது பழைய தபேலா அல்ல, பழைய சத்தம். மிஸ்திரி தோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் கருவட்டம் பாளம் பாளமாக விட்டிருந்தது. தோல் கண்ணாடி போல் மெலிந்திருந்தது. இறுக்கினால் முதல் இழுப்பிலேயே கிழியும். ‘சத்தம் தோலோடு போய்விட்டது, பாபு. மரம் இருக்கிறது. மரம் வேறு ஒன்று சொல்லும், கேட்டுப் பாருங்கள்’ என்பது அவர் பதில்.

வாசிப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. நன்றாக வாசிக்கிற கையில் ஒரு மூடி சில மாதங்களோ ஓரிரு வருஷமோதான் தாங்கும். ஐம்பது வருஷப் பழைய தபேலா என்றால் அந்த மரத்தின் மேல் எத்தனையோ ஆடுகளின் தோல் வந்து போயிருக்கும். ஒரே வாத்தியம் என்று சொல்வது மரத்தின் தொடர்ச்சியை வைத்துத்தான். தோலைப் போட்டவர்களின் தொடர்ச்சி என்று ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கச்சேரி மேடையில் பேசும் வழக்கம் குறைவு.

தபேலாவுக்குப் போடுவது பதனிட்ட தோல் அல்ல, பச்சைத் தோல். சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிரைச் சுரண்டி, கொழுப்பை வழித்து, கட்டி இழுத்துக் காய வைக்கிறார்கள். வங்காளத்துக் கறுப்பு ஆட்டின் தோலுக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர். நாற்றமும் ஈரமும் நிறைந்த வேலை. இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தோல் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட பட்டியல் சாதியினர். தமிழர்களுக்கு இது புதிதல்ல. மிருதங்கத்துக்குப் பசுவின் தோலும் எருமைத் தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அவற்றைத் தேடிப் பிடித்து, வெட்டி, மூட்டிக் கொடுத்தவர்கள் தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவரின் பெயர் பொதுவெளியில் பரவலாகப் பேசப்படுவதற்கு 2020-ல் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகம் வரவேண்டியிருந்தது. சரஸ்வதி பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்து வாத்தியத்தைக் கும்பிடுகிற வீட்டில், அதே வாத்தியத்தைப் பழுது பார்க்க வருபவர் எதுவரை வரலாம் என்பதற்குச் சொல்லாத எல்லை ஒன்று இருந்தது. வங்காளத்து பத்ரலோக் வீடுகளும் இதில் மயிலாப்பூருக்குச் சளைத்தவை அல்ல.

புதுத் தோலுக்கு இரண்டு வழி உண்டு. கருவட்டம் உட்படத் தயாராக இருக்கிற மூடியைச் சரத்திலிருந்து எடுத்து, நனைத்து மாட்டிவிடலாம். ஒரு நாளில் முடியும். பெரும்பாலோர் இதைத்தான் கேட்கிறார்கள். கடைகளுக்கும் இது சௌகரியம். அல்லது, அந்த மரத்தின் மேலேயே தோலை இழுத்து, அந்த மரத்தின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கருவட்டம் பூசலாம். இதற்கு நாளும் வேண்டும், கையும் வேண்டும். ரயில்வேக்காரர் இரண்டாவதைக் கேட்டார். மிஸ்திரி மூன்று வாரம் ஆகும் என்றார். வேலை மூன்று வாரம் அல்ல. நடுவில் வேறு அவசர வேலைகள் உண்டு. ஜனவரியில் டோவர் லேன் இசை மாநாடு. 1952-லிருந்து நடக்கிற அந்த இரவு முழுக்கச்சேரிகளுக்கு முன்னால் ஊரில் உள்ள தபேலாக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புதுத் தோல் வேண்டியிருக்கும்.

முதலில் பின்னல். ஊறிய தோல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, சுற்றிலும் துளையிட்டு, தோல் வாரால் ஜடை போலப் பின்னிக் கொண்டு வருகிறார். வங்காளத்தில் இதைப் ‘பாக்ரி’ என்கிறார்கள், தலைப்பாகை என்று பொருள்; பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கிறது. பின்னி முடித்ததும் புது வாரை மேலும் கீழும் கோத்து, காலால் கட்டையை மிதித்துக்கொண்டு உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுக்கிறார். ஐம்பது வயது உடம்புக்கு இது லேசான வேலை அல்ல. மிஸ்திரிகளின் வலது கை விரல்களில் வார் அறுத்த தழும்புகள் குறுக்குக் கோடுகளாக ஓடுகின்றன. ஈரம் காய்ந்து தோல் விறைத்த பிறகு, மேல் தோலின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிடுகிறார். விளிம்பில் ஒரு வளையம் மட்டும் நிற்கும். ‘கானி’ என்கிற அந்த வளையத்தில்தான் ‘நா’ என்ற சொல் பிறக்கிறது.

அடுத்தது கருவட்டம். இந்தியில் சியாஹி, வங்காளியில் காப். நாம் மிருதங்கத்தில் கரணை என்றும் சோறு என்றும் சொல்வதன் வடக்கத்தி உடன்பிறப்பு. மிருதங்கத்துக்குக் கிட்டக்கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைவார்கள். இங்கே இரும்புத்தூளும் கரியும் மாவுப் பசையும். கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. அளவு என்னவென்று கேட்டால் சிரிக்கிறார்கள். மிஸ்திரி ஒரு பொட்டுப் பசையை எடுத்துத் தோலின் நடுவே தேய்க்கிறார். பளபளக்கும் கருங்கல் ஒன்றால் அதை வட்டமாக அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். காய்ந்ததும் அடுத்த பூச்சு, முந்தியதைவிட விட்டம் சற்றுக் குறைவாக. மறுபடி கல். பூச்சு மேல் பூச்சாக ஏற ஏற நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் ஒரு கறுப்பு மேடு உருவாகிறது. கல்லின் தேய்ப்பில் அந்த மேடு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வலைப்பின்னலாய் வெடிக்கிறது. இந்த வெடிப்பு குறையல்ல, தேவை. வெடிக்காவிட்டால் அது தோலின் மேல் ஒட்டிய வில்லை. தோலோடு சேர்ந்து ஆடாது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் விரலால் தட்டிக் கேட்கிறார். எப்போது நிறுத்துவது என்பதுதான் தொழில். ஒரு பூச்சுக் கூடினால் குரல் கட்டிப்போகும்.

இந்தக் கறுப்பு வட்டம் ஏன் என்ற கேள்விக்கு இதே பேட்டையில் பதில் கண்டவர் ஒரு தமிழர். லால்பஜார் சந்திப்பிலிருந்து கிழக்கே போகும் பௌபஜார் தெருவில், ஏறக்குறைய கால் மணி நேர நடையில் 210-ம் எண். இன்று அங்கே ஒரு வணிகவியல் கல்லூரி இருக்கிறது. அன்று மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. 1907-ல் நிதித்துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்த சி.வி. ராமன், அலுவலகம் விட்ட நேரங்களில் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். ஒளிச்சிதறலுக்கு முன்னால் அவரைப் பிடித்திருந்தது ஒலி. வெறும் தோலைக் கட்டித் தட்டினால் எழும் மேல் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று இசைவாக இருக்காது. அடிச் சுரத்தை ஒன்று என்று வைத்தால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14 என்று முழு எண்ணில் அடங்காமல் போகும். அதனால்தான் பல நாட்டு முரசுகளில் சத்தம் இருக்கிறது, சுரம் தெளிவாக இல்லை. மிருதங்கத்திலும் தபேலாவிலும் நடுவில் ஏற்றிய இந்தப் பாரம் அந்த அதிர்வுகளை இழுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற வரிசைக்கு ஏறக்குறையக் கொண்டுவந்துவிடுகிறது. தந்தி வாத்தியத்தின் ஒழுங்கு தோலுக்கு வருகிறது. சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து ராமன் இதை 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பெங்களூருக்குப் போன பிறகு 1934-ல் விரிவாகத் திரும்பவும் எழுதினார். கணிதம் அவருடையது. கணிதம் வருவதற்கு வெகு முன்பே எழுதத் தெரியாத யாரோ ஒருவர் சோற்றையும் இரும்புப் பொடியையும் கொண்டு காதாலேயே இதைக் கண்டுபிடித்திருந்தார்.

செம்புப் பாயா அவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை. ஒரு பக்கம் நசுங்கியிருந்ததை உள்ளேயிருந்து மரச்சுத்தியால் தட்டி எடுத்தார்கள். கீழே கடையில் இருந்த பையன் குரோமியம் பூசி வெள்ளி மாதிரி ஆக்கித் தருவதாக ஆசை காட்டினான். கொல்கத்தாவில் இப்போது பெரும்பாலான பாயாக்கள் அப்படித்தான் மின்னுகின்றன. மிஸ்திரி வேண்டாம் என்று தலையசைத்தார். செம்பின் மேல் செதுக்கியிருந்த கொடி வேலை மெருகேற்றும் சக்கரத்தில் போய்விடும். இடது தோலில் கருவட்டம் நடுவில் வராது, ஓரமாகத் தள்ளி வரும். அடிக்கிற கையின் மணிக்கட்டு ஊன்றிக்கொள்ள அந்த இடம் வேண்டும். ஊன்றிய மணிக்கட்டை முன்னே நகர்த்தினால் சுரம் வளைந்து மேலேறும். தோலில் கமகம் பிடிக்கும் இந்த வித்தைக்காகவே தபேலா கேட்பவர்கள் உண்டு.

மூன்று வாரம் ஐந்து வாரமாயிற்று. மழை இல்லாத மாதம் என்பதால் தோல் நன்றாகக் காய்ந்தது. அது ஒரு லாபம். இரண்டு மூடி, வார், அடியில் வைக்கும் துணி வளையங்கள், கூலி எல்லாமாகச் சேர்த்து ரயில்வேக்காரர் கொடுத்தது, கடையின் முன்புறம் விற்கிற புதுச் செம்பு ஜோடியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பில்லில் கடையின் பெயர் இருந்தது. அதில் மிஸ்திரிக்கு வருவது துண்டுக் கூலி, ஒரு மூடிக்கு இவ்வளவு என்று. பூச்சுக்கு நடுவே காது கொடுத்துக் காத்திருந்த நேரத்துக்கு அதில் கணக்கு இல்லை. தயார் மூடி போட்டாலும் ஏறக்குறைய அதே கூலிதான் என்பதால் மரத்தின் மேலேயே பூச இளைஞர்கள் முன்வருவதில்லை. அவருடைய இரண்டு பையன்களில் ஒருவன் மொபைல் கடையில் இருக்கிறான். இன்னொருவன் இங்கேயே வேலை பார்க்கிறான். தயார் மூடி மட்டும் செய்கிறான், ஒரு நாளில் அப்பாவைவிட அதிகம் சம்பாதிக்கிறான். அவனிடம் தப்பு என்ன இருக்கிறது என்று மிஸ்திரி கேட்டதற்கு ரயில்வேக்காரரிடம் பதில் இல்லை.

வலது கட்டையை முதலில் தட்டியது மிஸ்திரி. சின்னச் சுத்தியால் பின்னலை மேலிருந்து ஒரு தட்டு, எதிர்ப்புறம் ஒரு தட்டு, உருளையைக் கீழே தள்ள ஒரு தட்டு. பதினாறு கண்ணையும் சுற்றி வந்து, விரலால் விளிம்பில் ‘நா’ என்றார். மாடியறை முழுக்க அது நின்றது. கீழே ஆர்மோனியம் சோதித்தவரின் சுரம் அரைச் சுரம் தள்ளி இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு கட்டையை ரயில்வேக்காரர் பக்கம் நகர்த்தினார்.

அவர் பல வருஷங்களாகத் தொடாதவர். முதல் பாடத்தின் சொற்களை மெதுவாகப் போட்டுப் பார்த்தார். விரல்கள் பிசகின. சத்தம் ஆசிரியர் வீட்டில் கேட்டதைப் போல இல்லை; அதைவிடக் கூர்மையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. மிஸ்திரியும் அதை மறுக்கவில்லை. புதுத் தோல் முறைக்கும், தினமும் அரை மணி வாசித்தால் ஆறு மாதத்தில் இளகும், அதுவரை வெயிலில் வைக்க வேண்டாம், ஏ.சி.க்கு எதிரே வைக்கவே வேண்டாம், முகத்தில் பவுடர் கொட்டாமல் உள்ளங்கையில் மட்டும் தடவிக்கொள்ளுங்கள் என்று வரிசையாகச் சொன்னார். பழைய மூடியை ஒரு செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்தார். வார் ஒரு மாதத்தில் தளரும், அப்போது கொண்டு வாருங்கள், மறுபடி இழுத்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை மடியில் எடுத்துக்கொண்டார்.